போன கை ஏன் இன்னும் வலிக்கிறது?

காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 36, கணவருக்கு 41. கொஞ்சம் மானாவாரிக் காடு, நான்கு மாடுகள். சொசைட்டிக்கு ஊற்றும் பாலில்தான் வீட்டுச் செலவு ஓடுகிறது. எட்டு மாதத்துக்கு முன் சோளத்தட்டு வெட்டும் மெஷினில் கணவரின் வலது கை சிக்கி, முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. கோவையில் ஆபரேஷன் நடந்தது. புண் நன்றாக ஆறிவிட்டது.

வலி மட்டும் போகவில்லை. "வெரலெல்லாம் மடங்கியே கெடக்குது, நகம் உள்ளங்கையில குத்துது, விரிக்க முடியல" என்கிறாராம். ராத்திரியானால் இல்லாத அந்தக் கை தீப்பட்டதுபோல எரிகிறது. ஒருநாள் ஷேவ் செய்யும்போது வலது கன்னத்தில் பிளேடு பட்டதும், போன கட்டைவிரலில் யாரோ வருடுவதுபோல இருந்திருக்கிறது. பயந்துபோய் அன்றோடு ஷேவ் செய்வதை நிறுத்திவிட்டார். ஊரில் கேட்பவர்களிடம் "வேண்டுதல்" என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள்.

கையை ஆஸ்பத்திரியிலேயே அப்புறப்படுத்திவிட்டார்கள், முறையாக அடக்கம் செய்யாததால்தான் இப்படி என்பது மாமியாரின் எண்ணம். பரிகாரத்துக்கு ஒருவர் பெரிய தொகை கேட்டிருக்கிறார். நரம்பை இன்னும் மேலே வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு உறவினர். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பார்த்து "இது மனநோய்க்குத் தர்ற மாத்திரை ஆச்சே" என்று மருந்துக்கடையில் யாரோ சொல்ல, அதையும் நிறுத்திவிட்டார். தூக்கத்துக்காக இப்போது தினமும் குடிக்கிறார். என்ஜினீயரிங் படிக்கும் தம்பியோ, மூளையில் கைக்கு உரிய இடத்தை முகம் பிடித்துக்கொண்டுவிட்டது, இனிமேல் செயற்கைக் கை வைத்தாலும் பலனில்லை என்று ஏதோ வீடியோவில் பார்த்ததாகச் சொல்கிறார். "அவருக்குப் புத்தி பேதலிச்சிருச்சுங்களா? இன்னொரு ஆபரேஷன் பண்ணலாமா? கடன் வாங்கி எலக்ட்ரிக் கை வாங்கறதா, வேண்டாமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரிக்கு,

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று அவர் சில நாள் சொல்வதாகக் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. அதைச் சும்மா விரக்திப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். காட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் பூச்சிமருந்தை இன்றே வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய், பூட்டுகிற இடத்தில், வேறு ஒருவர் பொறுப்பில் வையுங்கள். "சாகணும்னு தோணுதுங்களா?" என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்ற பயம் வேண்டாம், பேசினால் பாரம் குறையத்தான் செய்யும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் 104 என்ற எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். "ஆமாம்" என்று சொன்னாலோ, உங்களுக்கே பயமாக இருந்தாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அடுத்து உங்கள் முதல் கேள்வி. அவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. கையோ காலோ இழந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே அந்த உறுப்பு இன்னும் இருப்பதுபோன்ற உணர்வு வரும், பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதில் வலியும் வரும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வியர் மிட்செல் என்ற டாக்டர், 1871லேயே இதற்கு ஒரு பெயர் வைத்து விவரமாக எழுதிவிட்டார். நாங்கள் இதை மாய உறுப்பு வலி என்போம். பெயரில் மாயம் இருந்தாலும் வலி நிஜமான வலிதான். பல்வலியில் துடிப்பவரிடம் "கற்பனை பண்ணாதே" என்று சொல்வோமா? இவரிடமும் சொல்லக் கூடாது.

தொடும் உணர்வை மூளை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும் என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கையில் எதுவும் பட்டால் அந்தச் செய்தி நரம்பு வழியே தண்டுவடத்துக்குப் போய், மேலே மூளைத்தண்டில் பக்கம் மாறி, எதிர்ப்பக்க மூளைக்குப் போகிறது. அதனால் அவருடைய வலது கைக்கான இடம் இடது மூளையில் இருக்கிறது. பெண்கள் ஹேர்பேண்ட் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே, மண்டைக்குள் காதிலிருந்து உச்சி வரை நீண்ட ஒரு பட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உடம்பு முழுவதற்கும் வரிசையாக இடம் ஒதுக்கியிருக்கிறது. உச்சியில், இரண்டு பாதி மூளைக்கும் நடுவே மடிந்து இறங்கும் பகுதியில் கால். அங்கிருந்து கீழே வந்தால் உடம்பு, தோள், கை, சுண்டுவிரல் முதல் கட்டைவிரல் வரை. கட்டைவிரலை ஒட்டினாற்போல முகம், அப்புறம் உதடு, நாக்கு.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர் இதைத் தெளிவாகக் குறித்துக்காட்டினார். மூளைக்கு வலி தெரியாது என்பதால், நோயாளியை விழித்திருக்க வைத்தே மண்டையைத் திறந்து, லேசான மின்சாரத்தை ஒவ்வொரு இடமாகத் தொட்டு, எங்கே தெரிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். யாரும் கையைத் தொடாமலேயே "விரல் மதமதங்குது" என்று நோயாளி சொல்வார். 1937ல் அந்தப் படம் வெளியானது.

அந்த வரைபடத்தில் இடம் உறுப்பின் அளவைப் பார்த்து ஒதுக்கப்படவில்லை. முதுகு எவ்வளவு அகலம், ஆனால் அதற்குக் கொஞ்சம்தான் இடம். உதட்டுக்கும் விரல் நுனிக்கும் ஏராளமான இடம். வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு தீக்குச்சிகளைச் சேர்த்துப் பிடித்துக் கண்ணை மூடியவரின் விரல் நுனியில் வையுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு என்று சொல்லிவிடுவார். முதுகில் மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் ஒன்று என்றுதான் சொல்வார். ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் தொடுதலை உணரும் நரம்பு முனைகள் சுமார் 17,000 இருக்கின்றன. பால் பீச்சும்போது மடியின் சூடு, காம்பில் பால் இறங்கும் அழுத்தம், மாடு காலைத் தூக்கப்போகும் அசைவு எல்லாம் உங்கள் விரலுக்குப் பார்க்காமலே தெரிவது இதனால்தான்.

இப்போது அவருடைய கைக்கு வருகிறேன். ரோடு அகலப்படுத்தும்போது காடு போய்விடுகிறது. ஆனால் ஆபீஸ் கணக்கில் சர்வே நம்பரும் பெயரும் அப்படியே இருக்கும், பழைய பெயருக்கே நோட்டீஸும் வரும். அவருடைய கை போய்விட்டது, மூளைக் கணக்கில் அது நீக்கப்படவில்லை. விரலை விரிக்கச் சொல்லி மூளை உத்தரவு போடுகிறது, விரித்தாயிற்று என்று திரும்பிச் செய்தி சொல்லத் தோலும் தசையும் அங்கே இல்லை. கூடவே, வெட்டுப்பட்ட நரம்பின் முனைகள் தாமாகவே தாறுமாறாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் சேர்ந்துதான் மடங்கிய விரலாகவும் எரிச்சலாகவும் தெரிகின்றன என்று நினைக்கிறோம்.

கன்னத்து விஷயத்துக்கு உங்கள் தம்பி சொன்ன விளக்கம் ஒரு காலத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்டதுதான். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், அமெரிக்காவில் கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டபோது, அவர் அதைப் போன கட்டைவிரலில் உணர்ந்தார். 1992ல் வந்த அந்த ஆய்வு பெரிய பேச்சானது. கையிலிருந்து செய்தி நின்றதும், பக்கத்தில் இருக்கும் முகம் அந்த இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று விளக்கினார்கள். அதற்கு முந்தைய வருடம் குரங்குகளிடம் கிடைத்த முடிவும் அதற்குத் தோதாக இருந்தது.

அதன் பிறகு கதை மாறியிருக்கிறது, அது இன்னும் அந்த வீடியோவுக்கு எட்டவில்லை போல. 2013ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் டமார் மேக்கினும் அவருடைய குழுவினரும், மாய வலி அதிகம் உள்ளவர்களின் மூளையில் கைக்கான இடம் அழியாமல் நன்றாகவே இருப்பதைக் காட்டினார்கள். 2025ல் இன்னும் தெளிவான சான்று வந்தது. கையை எடுக்க வேண்டியிருந்த மூன்று பேரின் மூளையை ஆபரேஷனுக்கு முன்பும், பிறகு வருடக்கணக்கிலும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கையின் வரைபடம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, முகம் வந்து அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. கன்னத்தைத் தொட்டால் விரலில் தெரிவது, முகத்துக்கும் கைக்கும் முன்பே இருந்த மெல்லிய தொடர்புகள் இப்போது வெளியே தெரிவதால் இருக்கலாம். அதில் விவாதம் முடியவில்லை. ஆனால் மூளை தாறுமாறாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவுகட்ட ஆதாரம் இல்லை என்பதை அடித்துச் சொல்வேன்.

கன்னத்தைத் தொட அவர் பயப்படுவதை நீங்களே போக்கலாம். ஒரு மதியம் கட்டிலில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். காதுப் பஞ்சால் முதலில் இடது கன்னம், அப்புறம் வலது கன்னம், மேலுதடு, தாடை, கையை எடுத்த இடத்துக்கு மேலே உள்ள தோல் என்று மெதுவாகத் தொட்டு, "எங்கே தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். விரல் என்று சொல்லும் இடங்களைப் பேனாவால் புள்ளி வையுங்கள். சிலருக்குக் கையை எடுத்த இடத்துக்கு மேலேயும் இப்படி விரல் விரலாகத் தெரியும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. வலி கூடினால் உடனே நிறுத்திவிடுங்கள். தனக்கு என்ன நடக்கிறது என்று அவரே கண்டுகொண்டால், ஷேவ் செய்ய அவ்வளவு பயம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள். பெற்ற மகனின் கை என்ன ஆனது என்ற வேதனை அவருக்கு. கையை முறைப்படி அடக்கம் செய்தவர்களுக்கும் இதே வலி வருகிறது, பிறவியிலேயே கை இல்லாத சிலருக்குக்கூட இல்லாத விரல் இருப்பதாகத் தெரிகிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போய் மனசு ஆறுவதென்றால் குடும்பத்தோடு போய் வாருங்கள். பரிகாரத்துக்குக் கேட்ட பணத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

இன்னொரு ஆபரேஷன்

மாய வலிக்காகக் கையை இன்னும் மேலே வெட்டுவதில் பலன் இல்லை. செயற்கைக் கை பொருத்த இருக்கும் நீளத்தையும் இழந்துவிடுவீர்கள். ஆனால் ஒரு சோதனை அவசியம். வெட்டிய இடத்தில் ஏதாவது ஒரு புள்ளியைத் தட்டினால் கரன்ட் அடித்ததுபோல வலி பாய்கிறதா? பாய்ந்தால், நரம்பு முனை முடிச்சாக வளர்ந்திருக்கலாம். அது வேறு வகை வலி, அல்ட்ராசவுண்டில் தெரியும். ஊசியாலோ தேவைப்பட்டால் சிறிய ஆபரேஷனாலோ குறைக்க முடியும். வெட்டிய நரம்பைப் பக்கத்துத் தசையின் நரம்போடு இணைக்கும் புதிய முறையும் இருக்கிறது, அனுபவமுள்ள பிளாஸ்டிக் சர்ஜனிடம்தான் அதைப் பேச வேண்டும். உறவினர் சொன்னதும் இதுவும் ஒன்றல்ல என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

கண்ணாடிப் பயிற்சி

ராமச்சந்திரன் கண்டுபிடித்த எளிய வழி இது. ஒன்றரை, இரண்டு அடிக் கண்ணாடி ஒன்று போதும். மேஜைமேல் உடம்பின் நடுக்கோட்டுக்கு நேராக நிறுத்தி, வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, இடது கையை முன்னால் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் இடது கையின் பிம்பம், வலது கை இருக்கும் இடத்தில் தெரியும். மோதிரம், வாட்ச், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது இடது கைதான் என்று கண் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது இடது கையை முதலில் அவர் உணர்வதுபோலவே மடக்கி வைத்து, கண்ணாடியைப் பார்த்தபடி மெதுவாக ஒவ்வொரு விரலாக விரிக்க வேண்டும். போன கையையும் கூடவே விரிப்பதாக மனசால் முயல வேண்டும். தினமும் பதினைந்து நிமிடம், நான்கு வாரம்.

2007ல் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில், கால் இழந்தவர்களிடம் நடந்த சோதனையில் கண்ணாடிப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. ஆறு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே அவ்வளவு நல்ல பலனைக் காட்டவில்லை. அதனால் நிச்சயம் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். செலவில்லை, ஆபத்தும் குறைவு, அதிலும் உங்கள் வீட்டுக்காரருக்கு இருப்பதுபோன்ற விரல் மடங்கிய வலிக்கு இதை முயலாமல் விடக் கூடாது. தலைசுற்றினாலோ அழுகை முட்டினாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் தொடருங்கள்.

மாத்திரையும் குடியும்

அமிட்ரிப்டிலின், கபாபென்டின், ப்ரீகாபலின் போன்றவை நரம்பு வலிக்குத் தரும் மருந்துகள். அமிட்ரிப்டிலினை மன அழுத்தத்துக்கும் தருவார்கள், கபாபென்டினை வலிப்புக்கும் தருவார்கள். ஒரே மருந்துக்குப் பல வேலை. அதை எழுதிக்கொடுத்ததால் அவரை மனநோயாளி என்று டாக்டர் நினைத்தார் என்று அர்த்தமில்லை. பழைய சீட்டை வைத்து நீங்களாக மறுபடி தொடங்க வேண்டாம். டாக்டரிடம் போய், நிறுத்தியதையும் குடிப்பதையும் மறைக்காமல் சொல்லி ஆரம்பியுங்கள். இந்த மருந்துகளோடு மது சேர்ந்தால் மயக்கம் கூடும், மூச்சே மந்தமாகும் ஆபத்து இருக்கிறது. குடித்து வரும் தூக்கம் நடுராத்திரியில் கலைந்துவிடும், அப்போது வலி இன்னும் மோசமாகத் தெரியும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் என்றால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அதையும் டாக்டர் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

செயற்கைக் கை

கடன் வாங்கி எலக்ட்ரிக் கை வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். மூளை மறந்துவிட்டது என்பது காரணமில்லை. போன விரலை அசைப்பதாக நினைத்தால் முன்கையில் மீதமிருக்கும் தசை துடிக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். துடித்தால் நல்ல அறிகுறி, எலக்ட்ரிக் கை அந்தத் துடிப்பை வைத்துத்தான் வேலை செய்கிறது. ஆனால் தண்ணீர், சாணம், மண் எல்லாம் படும் வேலைக்கு அது தாங்காது, கடையில் கிடைப்பவற்றில் தொடு உணர்வும் வராது. தோள் அசைவால் கேபிள் இழுத்து மூடித் திறக்கும் கொக்கி வகை காட்டு வேலைக்கு ஏற்றது, விலையும் குறைவு. முதலில் அதில் பழகட்டும். பழகிய கைக்கு மூளையும் ஒத்துழைக்கும். வயலின் வாசிப்பவர்களின் இடது கை விரல்களுக்கு மூளையில் அதிக இடம் கிடைத்திருப்பதை 1995லேயே பார்த்திருக்கிறார்கள். இடது கையால் பீச்ச அவர் இப்போதே முயலட்டும், முதலில் சாதுவான மாட்டிடம்.

சான்றிதழ்

மாற்றுத்திறனாளிச் சான்றும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கிவிட்டீர்களா? எழுதவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு என்பது எல்லை, முழங்கைக்குக் கீழே கை இழந்தவருக்கு அதற்கு மேலேயே வரும். திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், செயற்கைக் கைக்கான உதவியையும் அங்கேயே கேளுங்கள். உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் உறுப்பினராக இருந்தால் விபத்து உதவித்தொகை பற்றி விஏஓவிடம் விசாரியுங்கள். எட்டு மாதம் ஆகிவிட்டது, இனித் தள்ளிப்போட வேண்டாம். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மெஷின்

"இப்பத் தட்டு வெட்டறது நான்தானுங்க" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதே மெஷின் என்றுதான் புரிந்துகொள்கிறேன். தட்டைத் தள்ளும் தொட்டியை நீளமாக்கி, உருளைக்கு முன்னால் கை நுழையாதபடி மேலே தகடு அடிக்கச் சொல்லுங்கள், பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்து கொடுப்பார்கள். கடைசித் தட்டைக் கையால் தள்ளாதீர்கள், அடுத்த கட்டால் தள்ளுங்கள் அல்லது குச்சியால் தள்ளுங்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், சுவிட்ச் பக்கத்தில் இன்னொருவர் நிற்கட்டும். தட்டு சிக்கிக்கொண்டால் மெயினை அணையுங்கள். அணைத்த பிறகும் கத்திச் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும். அது முழுதாக நின்ற பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும்.